சேதாரக் கணக்கில் விரல் உண்டா?

நகையைக் கையால் பிடித்துச் செய்தால்தான் அது நகை, இடுக்கியிலும் கிளாம்பிலும் மாட்டிச் செய்தால் அது இரும்புக்கடைச் சாமான் என்று ஒரு பேச்சு இருக்கிறது. நகைக்கடை வைத்திருப்பவர்கள் சொல்கிறார்கள். கைவினை பற்றி மேடை போட்டுப் பேசுகிறவர்கள் சொல்கிறார்கள். வருத்தம் என்னவென்றால், இடது கை விரலில் மூன்று தழும்போடு உட்கார்ந்திருக்கிற பத்தர்களும் அதையே சொல்கிறார்கள். இந்தப் பேச்சு தவறு என்பதோடு நான் விடப்போவதில்லை. இதனால் யாருக்கு லாபம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பத்தர் அல்ல. முப்பத்துச் சொச்சம் வருடம் அரசாங்கத்தில் எழுத்தர் வேலை. அதில் பாதிக்கு மேல், வேலையில் அடிபட்டவர்களின் நஷ்டஈட்டுக் கோப்புகள் என் மேசை வழியாகப் போயின. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த நான் ஆர்.கே.பேட்டையில் வந்து வேரூன்றிய கதையை இந்த வலைப்பூவில் போதுமான அளவு எழுதி அறுத்துவிட்டேன்; இங்கே வேண்டாம். ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு விஷயம் இதற்குத் தேவைப்படுகிறது. சின்ன வகுப்பில் 'லெசோன் த ஷோஸ்' என்று ஒரு பாடம் உண்டு. பொருள் பாடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொருளின் பெயர் என்ன, எதனால் ஆனது, எதற்குப் பயன்படும் என்று சொல்லவேண்டும். அதில் பிடிக்கும் கருவிகளுக்கு மட்டும் எத்தனை பெயர்! 'பேன்ஸ்' என்றால் குறடு. 'ப்ருசெல்' என்றால் கடிகாரக்காரர் வைத்திருக்கும் மெல்லிய சாமணம். 'எத்தோ' என்றால் மேசையில் பொருத்தும் வைஸ். 'சேர்-ழுவேன்' என்றால் தச்சருடைய கிளாம்ப். ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது என்பதால்தான் இத்தனை பெயர்.

தமிழில் மட்டும் குறைச்சலா? குறடு, இடுக்கி, சாமணம், கிட்டி, கவடு என்று வரிசையாக வருகிறது. கையால் பிடிப்பதே பெருமை என்று நம் முன்னோர் நினைத்திருந்தால் இத்தனை சொல் எதற்காக உண்டாயிற்று?

அரக்கை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம் 1960 வரை ஆந்திரத்துச் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. அதனால் இங்கே பத்தரைக் கம்சாலி என்று சொல்லும் வீடுகள் இன்னும் உண்டு. பத்தர் என்றாலும் கம்சாலி என்றாலும் ஆசாரி என்றாலும், சித்திர வேலை செய்யும்போது எல்லோரும் செய்வது ஒன்றுதான். ஒரு மரக்கட்டையின் தலையில் அரக்கை இளக்கிப் பரப்பி, அது ஆறுவதற்குள் பொன் தகட்டை அதில் பதிய வைக்கிறார்கள். அரக்கு இறுகியதும் தகடு அசையாது. அடிக்கிற அடியையும் அரக்கு அடியிலிருந்து தாங்கும். வேலை முடிந்ததும் சூடு காட்டினால் தகடு கழன்று வரும். ஒட்டிய மிச்சம் ஸ்பிரிட்டில் கரையும். தகட்டின் ஓரம் நெளியாது, கீறல் விழாது. இதைவிட நல்ல கிளாம்பை ஜெர்மனிக்காரன் செய்துவிட்டானா? கை எங்கே இருக்கிறது? கட்டையைப் பிடித்திருக்கிறது, உளியின் பாதையிலிருந்து ஒரு சாண் தள்ளி. பிடிக்கிற வேலையைப் பொருளிடமும் செய்கிற வேலையை விரலிடமும் கொடுத்தது நம்முடைய பழைய முறை. மரபு மரபு என்று மேடையில் முழங்குகிறவர்கள் முதலில் அரக்குக் கட்டையைக் கையில் எடுத்துப் பார்க்கட்டும்.

எங்கள் ஊர் நெசவு ஊர். எந்தத் தெருவில் நடந்தாலும் தறிச்சத்தம் காதில் விழும். நெய்யும்போது துணி அகலத்தில் சுருங்கப் பார்க்கும். அதற்காக இரண்டு ஓரத்தையும் இழுத்துப் பிடிக்க ஒரு கருவி தறியில் இருக்கிறது. துணியைக் கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு நெய்தால்தான் அசல் நெசவு என்று இந்த ஊரில் யாராவது சொன்னால், பாவுக்குக் கஞ்சி போடுகிற கிழவிகூடச் சிரிப்பாள். நெசவாளிக்குப் புரிகிற இந்தச் சங்கதி நகை என்று வந்ததும் ஏன் கலைக்குக் கேடாகிவிடுகிறது?

சரி, எதை எதால் பிடிப்பது? பல வருடம் கோப்புகளில் படித்ததையும், கடைவீதியில் பத்தர்களின் பட்டறைத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்ததையும், கேட்டுத் தெரிந்துகொண்டதையும் வைத்துச் சொல்கிறேன்.

மோதிரத்துக்கு அரம் போடுவதற்கும் கல் பதிப்பதற்கும் ரிங் கிளாம்ப் என்று ஒன்று இருக்கிறது. உள்ளங்கையில் அடங்குகிற இரண்டு மரத்துண்டுகள், நடுவில் ஒரு வளையம். வாய்ப்பக்கம் இரண்டிலும் தோல் ஒட்டியிருக்கும். மோதிரத்தை ஒரு முனையில் வைத்து மறுமுனையில் ஆப்பைச் செருகினால் கவ்விக்கொள்ளும். ஆப்பு இல்லாமல் திருகு வைத்ததும் கிடைக்கிறது. தோல் இருப்பதால் தங்கத்தில் தடம் விழாது. 22 காரட் தங்கம் மிருதுவானது, இரும்பு வாயில் நேராகக் கடிக்கக் கொடுத்தால் பல்வரிசை அப்படியே பதிந்துவிடும். அதனால் இரும்பு வைஸில் மாட்டித்தான் ஆகவேண்டும் என்றால் வாயில் தோலோ, செப்புத் தகடோ, அலுமினியத் தகடோ மடித்துப் போடவேண்டும். திருகாணி மாதிரி ஊசிப் பருமன் உருப்படிக்குப் பின் வைஸ் இருக்கிறது. பேனா மாதிரி நீளமானது, முனையில் சின்ன வாய். எங்கள் கடைவீதியில் பாதி வேலை மூக்குத்தித் திருகாணிதான். அதை நகக்கண்ணுக்கும் சதைக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு மரை வெட்டுகிற பத்தரைப் பார்த்தால் எனக்குப் பல் கூசும்.

இறுக்குவதிலும் அளவு வேண்டும். பலமாக இறுக்கினால் பத்திரம் என்று நினைப்பவர்கள் உள்ளே பொள்ளலான குண்டையும் பொட்டையும் நசுக்கிவிட்டுத்தான் கற்றுக்கொள்கிறார்கள். முத்தும் மரகதமும் இருக்கிற உருப்படியில் கிளாம்பின் வாய் கல்மேல் படவே கூடாது. அப்படிப்பட்டதை அரக்கில் வைப்பதற்கும் சூடு வேண்டுமே என்று ஒரு பத்தரிடம் கேட்டேன். இப்போது வெந்நீரில் இளகி ஆறியதும் இறுகும் பிளாஸ்டிக் குருணை வருகிறது என்றார். மரகதம் அந்த வெந்நீர்ச் சூட்டையாவது தாங்குமா என்று பார்த்துக்கொண்டுதான் செய்வாராம்.

துளை போடும்போதுதான் மிகவும் கவனிக்கவேண்டும். தொங்கு மோட்டாரில் துரப்பண ஊசி தகட்டுக்குள் இறங்கும்வரை ஒன்றும் ஆகாது. மறுபக்கம் பொத்துக்கொண்டு வெளியே வருகிற அந்தக் கணத்தில் ஊசியின் சுருள் தகட்டைக் கவ்வித் தன்னோடு சேர்த்துச் சுழற்றிவிடும். தகடு கையில் இருந்தால் கத்தி சுழல்கிற மாதிரி. கை வைஸில் இருந்தால் வைஸ் கொஞ்சம் துள்ளும், அவ்வளவுதான். செதுக்கும் உளி இன்னும் நேரானது. அது வழுக்கினால் எதிரே இருப்பது பிடித்திருக்கிற கைதான். பத்தர்களின் இடது கையில் தழும்பு அதிகம் இருப்பதற்கு வேறு காரணம் தேடவேண்டாம்.

ஊதும்போது கதை வேறு. பொடி வைத்து ஊதுகிற இடத்தில் மரக் கிளாம்ப் எரியும், பிளாஸ்டிக் இளகும், தடித்த இரும்பு வாய் சூட்டையெல்லாம் தானே குடித்துவிடும், பொடி உருகாது. அங்கே வேண்டியது மெல்லிய முனையுள்ள, அழுத்தினால் திறந்து விட்டால் தானே கவ்விக்கொள்கிற சாமணம். ஒரு தாங்கியில் அதைப் பொருத்தி, ஒட்டுகிற இடத்திலிருந்து தள்ளிப் பிடிக்க வைத்தால், ஒரு கை ஓய்வாகிறது, முகமும் பின்னால் வருகிறது. காட்மியம் கலந்த பொடியின் புகை நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கிறது என்று தெரிந்த பிறகும், உருப்படியைக் கையிடுக்கியில் மூக்குக்கு நேரே பிடித்து ஊதுவதை என்னவென்று சொல்ல? இரும்புக் கம்பியால் கட்டி ஊதியிருந்தால் திராவகத்தில் போடும் முன் கம்பியை எடுத்துவிட வேண்டும் என்பதை எல்லாப் பத்தரும் அறிவார். இல்லாவிட்டால் உருப்படி செம்பு நிறம் பூசிக்கொண்டு வரும். தங்கத்தின் நிறம் கெடாமல் இருக்க இவ்வளவு ஜாக்கிரதை. விரலுக்கு?

இனி மெருகு மோட்டார். என் நண்பர் ஒருவரின் பேரனுக்கு 25 வயது. வெளியூரில் ஒரு பட்டறையில் வேலை. சங்கிலியை விரலில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டு மெருகுச் சக்கரத்தில் காட்டியிருக்கிறான். அப்படித்தான் அங்கே எல்லோரும் செய்வார்களாம். சக்கரம் சங்கிலியைப் பிடித்தது, சங்கிலி விரலைப் பிடித்தது. வலது ஆள்காட்டி விரலின் நுனிக்கணு போய்விட்டது. முதலாளி ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்துவிட்டு, "பையனுக்குப் பழக்கம் போதலை" என்றாராம்.

பழக்கமாம்! கணக்குப் போடுவோம், எனக்குத் தெரிந்தது அதுதான். மோட்டார் நிமிடத்துக்கு சுமார் 2800 சுற்று. நொடிக்கு 47 சுற்று. சக்கரம் 4 அங்குலம், அதாவது 10 சென்டிமீட்டர் என்றால் சுற்றளவு 31 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். ஆக, சக்கரத்தின் விளிம்பு நொடிக்கு ஏறக்குறைய 14½ மீட்டர் ஓடுகிறது. மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல். 45 சென்டிமீட்டர் சங்கிலியை அது முழுதாக இழுத்துக்கொள்ள நொடியில் முப்பதில் ஒரு பங்கு போதும். கண் இமைக்கவே அதைவிட நேரம் ஆகும். இதில் எந்தப் பழக்கம் வந்து கையை விலக்கும்? நாற்பது வருடம் மெருகு போட்டவரின் நரம்பும் அந்த வேகத்துக்கு ஓடாது.

அங்கே வேண்டியிருந்தது ஒரு பலகை. சங்கிலியைப் பலகையில் சுற்றி, இரண்டு முனையையும் பத்திரப்படுத்தி, பலகைமேல் கிடக்கிற பாகத்தை மட்டும் சக்கரத்தின் கீழ்ப்பாதியில் காட்டி மெருகு போடவேண்டும். சக்கரம் பிடுங்கினாலும் பலகைதான் போகும். அதனால் பலகையையும் கையில் கட்டிக்கொள்ளக் கூடாது, பிடுங்கினால் விட்டுவிடுகிற மாதிரிதான் பிடிக்கவேண்டும். மோதிரத்தைத் தன் விரலிலேயே போட்டுக்கொண்டு மெருகு காட்டுவதும், துணிக் கையுறை மாட்டிக்கொண்டு சக்கரத்திடம் போவதும் இதே ஜாதித் தப்புகள். கையுறை காக்கும் என்று நினைக்கிறார்கள். சக்கரத்துக்கு அது இன்னும் வசதியான தும்பு. தும்பை விட்டு வாலைப் பிடிப்பது என்பார்கள். இந்தப் பட்டறைகளில் தும்பைச் சக்கரத்திடம் கொடுத்துவிட்டு வாலை நம் விரலில் சுற்றிக்கொள்கிறோம்.

மோட்டார் வாங்கப் பணம் இருந்தது. பலகை வாங்கவா இல்லை? பலகைக்குப் பணமே வேண்டாம், பழைய ஜன்னல் சட்டம் போதும். நேரம் என்கிறார்கள். உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி பேசிவிட்ட பிறகு, சங்கிலியைப் பலகையில் சுற்றுகிற இரண்டு நிமிடம் தொழிலாளியின் சொந்தக் கணக்கில் விழுகிறது. அவன் அந்த இரண்டு நிமிடத்தை மிச்சம் பிடிக்கிறான். அந்த மிச்சம் கடைசியில் எங்கே போய்ச் சேருகிறது என்பதைக் கடைக்காரர் நன்றாக அறிவார். கைதான் கலை என்ற பேச்சின் அடியில் கிடப்பது இந்த இரண்டு நிமிடம்.

இப்போது என் பழைய மேசைக்கு வருகிறேன். 1923ஆம் வருடத்துத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உடம்பின் பாகங்களுக்கு விலைப்பட்டியல் இருந்தது. சம்பாதிக்கும் திறனில் எவ்வளவு போயிற்று என்று சதவீதத்தில் சொன்னது. கட்டைவிரல் முழுதும் போனால் 30. ஆள்காட்டி விரல் முழுதும் 14, இரண்டு கணு 11, ஒரு கணு 9, எலும்பு போகாமல் நுனி மட்டும் என்றால் 5. நடுவிரல் 12. மோதிர விரலோ சுண்டு விரலோ 7. முதல் முறை படித்தபோது கசாப்புக்கடைப் பலகை ஞாபகம் வந்தது. பிறகு பழகிவிட்டது, எழுத்தருக்கு எதுவும் பழகிவிடும். ஆனால் ஒன்றைச் சொல்கிறேன்: கொடூரமான பட்டியல் என்றாலும், விரலுக்கு ஒரு மதிப்பு உண்டு என்று ஒப்புக்கொள்கிற பட்டியல் அது.

நண்பரின் பேரனுக்கு அந்தச் சட்டப்படி என்ன வந்திருக்கும்? சம்பளம் எவ்வளவு இருந்தாலும் அந்தச் சட்டத்தில் 2020 ஜனவரி முதல் கணக்குக்கு எடுத்துக்கொண்ட உச்சவரம்பு மாதம் 15,000 ரூபாய். அதையே வைப்போம். அதில் 60 சதவீதம் 9,000. இருபத்தைந்து வயதுக்குரிய பெருக்கு எண் 216.91. பெருக்கினால் 19,52,190. அதில் 9 சதவீதம் 1,75,697 ரூபாய். ஒரு கணுவுக்கு இது. "சார், இது கிடைக்குமா?" என்று நண்பர் கேட்டார். கிடைக்கவேண்டும் என்றால் முதலாளி என்று ஒருவர் இருக்கவேண்டும். பட்டறைக்காரர், பையன் உருப்படிக் கூலிக்கு வந்துபோகிறவன், என் ஆள் இல்லை என்கிறார். பட்டறைக்குத் தங்கம் கொடுத்த கடைக்காரர், பட்டறையே என்னுடையது இல்லை என்கிறார். வருகைப் பதிவேடு இல்லை, சம்பளச் சீட்டு இல்லை. கோப்பு உருவாவதற்கு வேண்டிய ஒரு காகிதம்கூட இல்லாத இடத்தில் சட்டம் என்ன செய்யும்? நானும் எத்தனையோ மனுக்களை இந்த ஒரு காரணத்தால் திரும்பிப் போகப் பார்த்திருக்கிறேன்.

அதே பட்டறையில் தங்கத்துக்குக் காகிதம் உண்டா என்று கேளுங்கள். மில்லிகிராம் சுத்தமாக உண்டு. காலையில் எடை போட்டுக் கொடுத்து மாலையில் எடை போட்டு வாங்குவார்கள். அரப்பொடியைத் துடைத்து எடுப்பார்கள். கை கழுவிய தண்ணீரை வடிகட்டுவார்கள். பட்டறைக் குப்பையைக்கூட விலைக்கு வாங்கிக் கொண்டுபோய்க் கழுவிப் பொன் எடுக்க ஆள் இருக்கிறது. இவ்வளவுக்கும் பிறகு கடையில் நகை வாங்குகிற நம்முடைய பில்லில் சேதாரம் என்று ஒரு தொகை போடுகிறார்கள், நாமும் கொஞ்சம் குறைக்கச் சொல்லிவிட்டுக் கொடுக்கிறோம். பொன் சேதமானதற்கு நாம் பணம் கொடுத்தாயிற்று. அந்தப் பையனின் கணு எந்தப் பில்லில் சேதாரமாக ஏறியது?

பிரெஞ்சுக்காரர்களின் நகைப் பட்டறை மேசை அரைவட்டமாக வெட்டியிருக்கும். வெட்டின் நடுவில் 'ஷெவிய்' என்ற மரக்கட்டை நீட்டிக்கொண்டிருக்கும், உருப்படியை அதில் சாய்த்துத்தான் அரம் போடவேண்டும். கீழே 'போ' என்று ஒரு தோல் தொங்கும், விழுகிற தங்கத்தூளைப் பிடிக்க. தங்கத்தைப் பிடிக்கத் தோல், உருப்படியைப் பிடிக்கக் கட்டை, இரண்டையும் சேர்த்தே ஒரு மேசையாகச் செய்தார்கள். அவர்களை நான் உயர்த்திப் பிடிக்கவில்லை. அவர்கள் எங்களை ஆண்ட லட்சணம் எனக்குத் தெரியும். நம் பட்டறைகளில் தோலை மட்டும் எடுத்துக்கொண்டு கட்டையை விட்டுவிட்டார்கள் என்பதைத்தான் சொல்கிறேன்.

பணம் இல்லை என்ற சாக்கும் முன்பு போல் இல்லை. 2023 செப்டம்பரில் மத்திய அரசு தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தில் 18 தொழில்கள், அதில் பொற்கொல்லரும் உண்டு. கருவிகள் வாங்க 15,000 ரூபாய் வரை என்றார்கள். அந்தத் திட்டம் குலத்தொழிலுக்குள் பிள்ளைகளை அடைக்கும் என்று தமிழ்நாட்டு அரசு ஏற்கவில்லை. 2025இல் கலைஞர் கைவினைத் திட்டம் என்று தனியாக ஒன்றைக் கொண்டுவந்தது. 25 தொழில்கள், 3 லட்சம் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம். எந்த அரசு சரி என்ற சண்டையை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்குக் கேட்கத் தோன்றுவது ஒன்று: இந்தப் பணத்தில் மெருகு மோட்டாரும் தொங்கு மோட்டாரும் வாங்கப் போகிற பத்தரிடம், அதோடு பிடிக்கும் கருவியையும் வாங்கினால்தான் மோட்டாருக்குப் பணம் என்று ஒரு நிபந்தனை போட என்ன தடை? விண்ணப்பத்தைச் சரிபார்க்கிற எழுத்தர் ஒரு வரி சேர்த்தால் போதும். எழுத்தர் சாதியின் பலம் எனக்குத் தெரியும். ஒரு வரியில் எத்தனையோ காரியத்தை நிறுத்தியிருக்கிறோம், ஒன்றை நடத்தியும் காட்டலாம்.

சௌகார்பேட்டைக்குப் போய் வாங்க வழி இல்லாதவர்களுக்காக எங்கள் தெருத் தச்சரிடம் ஒரு ரிங் கிளாம்ப் செய்யச் சொன்னேன். கருவேலம் வைரத்தில் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான இரண்டு துண்டு. நடுவில் பித்தளை வளையம். செருப்புத் தைப்பவரிடம் வாங்கிய தோல் இரண்டு பக்கமும் ஒட்டி, ஒரு ஆப்பு. மரத்துண்டு உள்ளங்கையைத் தாண்டி இரண்டு விரற்கடை வெளியே நீளவேண்டும், அப்போதுதான் அரம் வழுக்கினாலும் தோலுக்குள் போகாது. வளையம் தளர்வாக இருந்தால் ஆப்பு நிற்காது. முதலில் செய்தது அப்படி ஆகி, வளையத்தை மாற்றினோம். கடைவீதிப் பத்தர் இரண்டு நாள் அதைத் தொடாமல் மூலையில் வைத்திருந்தார். மூன்றாம் நாள் போனபோது ஒரு மோதிரம் அதில் மாட்டியிருந்தது. இன்னும் இரண்டு செய்து தரச் சொல்லுங்கள் சார், ஒன்று கொஞ்சம் சின்ன வாயாக, என்றார். தச்சருக்குச் சொல்லியிருக்கிறேன்.